ஒரே மேடை, இரண்டு வேளை: கடலூர், புதுச்சேரி கல்யாணத்துக்கு எந்த அலங்காரம்?

டெக்கரேஷன்காரர் ஆல்பத்தைத் திறந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன தீம் பாக்கறீங்க?" என்பதுதான். அதற்கு உடனே பதில் சொல்ல வேண்டாம். நம் பக்கத்தில், கடலூரோ புதுச்சேரியோ, பெரும்பாலான கல்யாணங்கள் முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்று ஒரே மண்டபத்தில், ஒரே மேடையில் நடக்கின்றன. இரவு கடைசிப் பந்தி எழுந்த பிறகு, விடிகாலை நாதஸ்வரம் தொடங்குவதற்குள் அந்த மேடை என்ன ஆகப்போகிறது? அதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நிறம், பூ, பெயர்ப் பலகை எல்லாம் அப்புறம்.

வரவேற்பில் மணமக்கள் மூன்று மணி நேரம் நிற்கிறார்கள். கூட்டம் வரிசையில் ஏறி, மொய்க் கவரைக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறது. பின்னால் இருக்கிற தட்டி இடுப்பு உயரத்திலிருந்து மேலே வரைக்கும் ஒவ்வொரு படத்திலும் விழும். முகூர்த்தத்தில் கதை வேறு. இருவரும் மணையில் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் ஹோமப் புகை. தாலி கட்டும் நேரத்தில் அத்தை, மாமா, சித்தப்பா என்று ஒரு கூட்டமே அட்சதையோடு சுற்றி நின்று குனியும். உங்கள் வீட்டு ஆல்பம் எதையாவது எடுத்து, தாலி கட்டும் படத்தைப் பாருங்கள். பின்னால் தெரிவது தட்டி அல்ல, வேட்டிக் கரையும் புடவைக் கொசுவமும்தான். அந்தப் படத்தில் அலங்காரம் என்று கண்ணில் படுவது கழுத்து மாலை, பெண்ணின் தலைப்பூ, மணவறைக் கால்களில் சுற்றிய சரம், அவ்வளவுதான்.

ஆகவே பின்தட்டிக்குப் போடுகிற பணம் மாலை நேரத்துக்குப் பலன் தரும், காலைக்குத் தராது. இதை வைத்துக்கொண்டுதான் மேடையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மூன்று வழிகள் உண்டு. வரவேற்புத் தட்டியை அப்படியே விட்டு, சோபாவை மட்டும் தூக்கிவிட்டு முன்னால் மணவறையை நிறுத்துவது ஒன்று. செலவு குறைவு. ஆனால் முதல் நாள் ஊதா விளக்கும் வெள்ளி வளையமுமாக இருந்த தட்டிக்கு முன்னால் மரத்தூண் மணவறையை வைத்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கும். இரண்டாவது, ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகக் கட்டுவது. ஆல்பத்தில் இதுதான் அழகு. நேரில் இதில்தான் சிக்கலும். பெரிய முகூர்த்த நாளில் அதே ஆட்களுக்கு இரண்டு மூன்று மண்டபம் இருக்கும். மதியத்திலிருந்து வேலை செய்த பையன்கள் நள்ளிரவில் ஏணி ஏறுவார்கள். காலை நாலரைக்குப் பெண்ணின் அம்மா முளைப்பாலிகையோடு மேடைக்கு வந்தால், அங்கே ஏணியும், பிரித்துப்போட்ட துணி மூட்டையும், பாதி சுற்றிய தூணும் இருக்கும். மூன்றாவது வழி, பின்தட்டியை இரண்டு வேளைக்கும் பொருந்துகிற மாதிரி அடக்கமாக வைத்துவிட்டு, முன்னால் இருப்பதை மட்டும் மாற்றுவது. சந்தன நிறத் துணி, அதன் மேல் பச்சை இலை, நடுவில் வெண்கல நிறத்தில் ஒரு வளைவு. மாலையில் அதன் முன்னால் சோபாவும் பூந்தொட்டியும். காலையில் மணவறை. மாற்ற ஒரு மணி நேரம் போதும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. மிச்சமாகிற பணத்தை மணவறைத் தூண்களுக்கும் மாலைக்கும் போடலாம்.

ஒரு சங்கடம் இருக்கிறது. பல வீடுகளில் வரவேற்புச் செலவு மாப்பிள்ளை வீட்டுடையது, முகூர்த்தச் செலவு பெண் வீட்டுடையது. இரண்டு வீடும் தனித்தனியாக ஆள் பேசினால், ஒருவர் கட்டியதை இன்னொருவர் தொடமாட்டார். "அது எங்க ஐட்டம் இல்லைங்க" என்ற வசனத்தை ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கேட்க வேண்டியிருக்கும். சம்பந்தி வீட்டில் பேசக் கூச்சப்படாமல், இரண்டுக்கும் ஒரே ஆள், செலவில் பாதிப் பாதி என்று நிச்சயதார்த்தத்திலேயே பேசிவிடுவது நல்லது.

சரி, யாரிடம் கொடுப்பது? மண்டபத்தோடு வருகிற ஆளிடமா, வெளியாளிடமா, பூக்காரரிடமா?

பல மண்டபங்களில் வெளியாளை விடுவதில்லை, விட்டாலும் தனியாக ஒரு தொகை கேட்பார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிட வேண்டும், கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை. மண்டபத்து ஆளிடம் உள்ள நல்லது, அவருக்கு அந்த மேடை அத்துப்படி. எந்த பிளக் வேலை செய்யாது, எந்த இடத்தில் கொக்கி இருக்கிறது என்று தெரியும். கெட்டது, அவருடைய சரக்கு வருடம் முழுக்க அங்கேயே புழங்குகிறது. செயற்கைப் பூவில் தூசி, துணியில் மடிப்பும் எண்ணெய்க் கறையும். ஆல்பத்தை நம்பாமல், கிடங்கிலிருந்து ஒரு துணியையும் ஒரு பூக்கொத்தையும் எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

புதுச்சேரியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிற நிறுவனங்கள் நேர்த்தியாகச் செய்கிறார்கள், மறுப்பதற்கில்லை. வரைபடம் போட்டுக் காட்டுவார்கள். விலையும் அதற்கேற்ப இருக்கும். கடலூர் மண்டபத்துக்கு அவர்களைக் கூப்பிட்டால் வண்டி வாடகை, ஆட்கள் தங்கும் செலவு எல்லாம் ரசீதில் ஏறும். எண்ணூறு பேர் வருகிற மண்டபக் கல்யாணத்துக்கு அந்த நேர்த்தி பின்வரிசையில் தெரியவே தெரியாது. நூறு பேர் வருகிற வீட்டு முற்றத்துக் கல்யாணம் என்றால் யோசிக்கலாம்.

எனக்குப் பிடித்தது கலப்பு முறை. மேடை, விளக்கு, நாற்காலி மண்டபத்து ஆளிடம். பூவும் இலையும் தனியாக ஒரு பூக்காரரிடம். மாலை கட்டுகிறவரையே மணவறைக்கும் கட்டச் சொன்னால் மாலையின் நிறமும் தூணின் நிறமும் தானாகவே ஒத்துப்போகும். வாழை மரத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். கடலூரைச் சுற்றி, ராமாபுரம் பக்கமெல்லாம் வாழைத் தோட்டம்தான். குலை தள்ளிய மரமாகச் சொல்லி வைத்தால் முதல் நாள் மதியம் வந்துவிடும். நுழைவாயிலில் இரண்டு வாழை, இளநீர்க் குலை, பாக்குக் குலை, குருத்தோலைத் தோரணம், அதில் மாவிலை. இதற்கு முன்னால் எந்த பிளாஸ்டிக் வளைவும் எடுபடாது. குருத்தோலையை மட்டும் காலையிலேயே பின்னி மாட்டிவிடாதீர்கள், சாயங்காலத்துக்குள் சுருண்டுவிடும். பின்னியதை ஈரச் சாக்கில் மூடி வைத்து, நாலு மணிக்கு மேல் கட்டச் சொல்லுங்கள்.

உண்மைப் பூவா, செயற்கைப் பூவா என்பதை ஒரே பதிலாகச் சொல்ல முடியாது. ஆள் கிட்டே போகிற இடத்தில் உண்மைப் பூ, எட்டாத உயரத்தில் செயற்கை. மணவறைத் தூண், நுழைவாயில், பன்னீர் தெளிக்கிற மேஜை, ஊஞ்சல், இவற்றில் மூக்கும் கையும் படும். பன்னிரண்டடி உயரத்தில் தொங்குகிற சரம் துணிப்பூவாக இருந்தால் யாருக்கும் தெரியாது.

எந்தப் பூ என்பதை மாதம் முடிவு செய்யட்டும். தை மாசக் கல்யாணத்தில் மல்லியைப் பார்த்தால் கண்ணைக் கட்டும். பனிக்காலத்தில் பூ வரத்து குறைவு, முகூர்த்தமோ அதிகம், விலை எங்கோ போய்விடும். ஆனால் அதே பருவத்தில் சாமந்தி தாராளமாக வரும். மஞ்சள் சாமந்தியும் வெள்ளைச் சாமந்தியுமாக மணவறை முழுக்கச் சுற்றலாம், மல்லியைப் பெண்ணின் தலைக்கும் மாலைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் நிலைமை தலைகீழ். மல்லி மலிவு. வெயிலில் ரோஜா இதழ் ஓரம் கறுத்துவிடும். அப்போது தாக்குப்பிடிப்பது சம்பங்கியும் துலுக்க சாமந்தியும். ஜெர்பரா, கார்னேஷன் எல்லாம் ஓசூர், பெங்களூரு பக்கத்திலிருந்து வருபவை. தண்ணீரில் காம்பு இருந்தால்தான் நிற்கும். ஏசி இல்லாத மண்டபத்தில் அவற்றுக்குச் செலவழிக்காதீர்கள்.

நிறத்துக்கு வருவோம். இதில்தான் வீட்டில் சண்டை.

என் தங்கை மகள் கைபேசியை நீட்டினாள். "பெரியம்மா, பேபி பிங்க்கும் ஐவரியும்தான் வேணும். பாருங்க, எவ்ளோ சாஃப்டா இருக்கு!" படம் அழகாகத்தான் இருந்தது. பட்டப்பகலில் புல்தரையில் எடுத்த படம். நம் மண்டபத்தில் மாலை ஏழு மணிக்கு, மேடையின் இரண்டு பக்கமும் நிறம் மாறும் பார் லைட்டை வைப்பார்கள். வெளிர் நிறத்துணி தனக்கென்று ஒரு நிறத்தை வைத்துக்கொள்ளாது, மேலே விழுகிற வெளிச்சத்தைத்தான் காட்டும். நீல விளக்கு விழுந்தால் நீலம், ஊதா விழுந்தால் ஊதா. இளஞ்சிவப்பு என்று காசு கொடுத்துவிட்டு, படத்தில் கத்தரிப்பூ நிறத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். வெளிர் நிறம் வேண்டும் என்றால் முதலில் விளக்கைப் பேசி முடிக்க வேண்டும். மேடைக்கு மஞ்சள் சாய்ந்த வெள்ளை விளக்கு மட்டும், 2700 முதல் 3000 கெல்வினுக்குள் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு அது), முகத்தின் மேல் நிற விளக்கு கூடாது. இதை ஒப்புக்கொள்ள வைத்தால் பேபி பிங்க் பேபி பிங்க்காகவே இருக்கும்.

எல்ஈடி திரையைப் பின்னால் வைக்கலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். அதன் வெளிச்சம் பெண்ணின் முகத்தை விடப் பிரகாசமாக இருக்கும், கைபேசியில் எடுத்தால் கோடு கோடாக விழும். பின்வரிசைக்குத் தாலி கட்டுவது தெரிய வேண்டும் என்றால் திரையை மேடைக்குப் பக்கவாட்டில் வையுங்கள், அது உபயோகமான செலவு.

நிறத்தைத் தட்டியிலிருந்து தொடங்காமல் புடவையிலிருந்து தொடங்குவது சுலபம். புடவை எடுத்த பிறகுதான் டெக்கரேஷனுக்கு நிறம் சொல்ல வேண்டும். அரக்குப் புடவைக்குப் பின்னால் சிவப்புத் துணி போட்டால் பெண் தட்டிக்குள் கரைந்துவிடுவாள். சிவப்பை எடுத்துக் காட்டுவது பச்சை. வாழையிலையும் குருத்தோலையும் மாவிலையும் முகூர்த்தப் பட்டுக்குப் பொருந்துவதற்கு அதுதான் காரணம். மாம்பழ மஞ்சள் புடவை என்றால் சாமந்தி மணவறை வேண்டாம், வெள்ளைச் சம்பங்கியும் பச்சையும் போதும். பச்சைப் பட்டு என்றால் ரோஜாவும் கோழிக்கொண்டையும் சேர்ந்த சிவப்பு மணவறை. வரவேற்புக்கு லெஹங்காவோ கவுனோ என்றால் அதன் துணியில் ஒரு துண்டு வெட்டி வாங்கிக்கொண்டு டெக்கரேஷன்காரரிடம் கொடுத்துவிடுங்கள். கைபேசிப் படத்தை வைத்து நிறம் சொன்னால் ஆளுக்கு ஒரு நிறம் புரியும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். வெள்ளையைப் பச்சையோடும் பொன்னிறத்தோடும் சேர்த்தால் சமாளித்துவிடலாம், கறுப்புக்கு வாதாடுவது வீண்.

மண்டபத்தின் சொந்த நிறத்தையும் பார்க்க வேண்டும். நம் ஊர் மண்டபங்களில் சிமெண்ட் தோகை மயிலும் தங்கப் பெயின்ட் அடித்த தூணும் ரோஸ் சுவருமாக ஏற்கெனவே ஒரு திருவிழா நடந்துகொண்டிருக்கும். அதோடு போட்டி போடுகிற ஐந்தாவது நிறத்தைக் கொண்டு வராதீர்கள்.

இப்போது புதுச்சேரி ஆசை. கடலூர்க்காரர்களுக்கும் அது உண்டு, இருபது சொச்சம் கிலோமீட்டர்தானே. அங்கே மூன்று விதமான இடம் கிடைக்கும், மூன்றுக்கும் அலங்காரம் வேறு வேறு.

கடலோர விடுதி. ஆல்பத்தில் கடலில் சூரியன் மறைய, முன்னால் மணமக்கள். அது மேற்குக் கடற்கரைப் படம். நமக்குக் கடல் கிழக்கே, மாலையில் சூரியன் ஊர்ப்பக்கம் மறையும். சரி, விடிகாலை முகூர்த்தத்தைக் கடலோரம் வைப்போம் என்றால் இன்னொரு சிக்கல். மணமக்கள் கிழக்கு பார்த்து உட்காருவது வழக்கம். அப்படி உட்கார்ந்தால் அவர்கள் கடலைப் பார்ப்பார்கள், கேமரா விடுதிச் சுவரைப் பார்க்கும். கடல் பின்னணியில் வேண்டுமென்றால் மேற்கு பார்த்து உட்கார வேண்டும். பெரியவர்கள் ஒப்பமாட்டார்கள், ஒப்பினாலும் சூரியன் பின்னால் இருப்பதால் முகம் இருட்டாக விழும். காற்று இன்னொன்று. பகலில் கிளம்புகிற கடற்காற்று பிற்பகலில் வலுத்து மாலை வரை வீசும். மெல்லிய துணித் திரை, பலூன், அகல் விளக்கு மூன்றும் அதில் நிற்காது. கனமான மண் தொட்டி, கட்டையில் இறுக்கிய பூச்சரம், கண்ணாடிக் கூண்டு விளக்கு நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளி என்ற பேச்சே வேண்டாம். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது 2011 டிசம்பர் 30-ல். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கூரை உள்ள மாற்று இடம் அதே வளாகத்தில் இருந்தால் மட்டும் முன்பணம் கட்டுங்கள்.

ஒயிட் டவுன் பக்கத்துப் பிரெஞ்சுக் கட்டடங்களில் சுவர்தான் அலங்காரம். கடுகு மஞ்சள் சுவர், வெள்ளை ஓரம், மேலே காகிதப்பூக் கொடி. அதைத் துணி போட்டு மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், எதற்கு அந்த வாடகை கொடுத்தார்கள் என்று புரியவில்லை. அங்கே புடவையைச் சுவருக்கு ஏற்ப எடுக்க வேண்டும். மாம்பழ மஞ்சள் மறைந்துவிடும். அரக்கு, கரும்பச்சை, மயில் நீலம் எடுத்துக் காட்டும். வரவேற்புக்கு அருமையான இடம். முகூர்த்தத்துக்கு அவ்வளவு தோதில்லை. ஹோமம் வளர்க்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழர் பகுதியின் பழைய வீடுகள் முகூர்த்தத்துக்கென்றே கட்டியது போலிருக்கும். தெருவில் திண்ணை, உள்ளே மரத்தூண் வைத்த தாழ்வாரம், நடுவில் முற்றம். முற்றத்தில் மணவறை, தாழ்வாரத்தில் உறவு. விடிகாலையில் மேலிருந்து விழுகிற வெளிச்சம் எந்த பார் லைட்டாலும் வராதது. நாலு தூணுக்குப் பூச்சரம், வாசலுக்கு வாழை, அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. தூணில் ஆணி அடிக்கவோ டேப் ஒட்டவோ விடமாட்டார்கள், கயிற்றில் கட்டத் தெரிந்த ஆளாகப் பாருங்கள். கூட்டம் நூற்றைம்பதைத் தாண்டினால் இந்த யோசனையை மறந்துவிடலாம். நம் சனத்தில் நூற்றைம்பதுக்குள் யார் பெயரை வெட்டுவது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் கோயிலில் தாலி கட்டுவதாக வேண்டுதல் உள்ளவர்களுக்கு விஷயம் சுலபம். தேவநாத சுவாமி சந்நிதி ஊரில் பெரிய முகூர்த்த நாளன்று ஜோடி ஜோடியாகத் தாலி ஏறும், அலங்காரத்துக்கு இடமும் கிடையாது நேரமும் கிடையாது. மாலையையும் புடவையையும் நன்றாக எடுத்துக்கொண்டு, மொத்த அலங்காரப் பணத்தையும் வரவேற்பு மண்டபத்துக்குத் திருப்பலாம். அப்போது பின்தட்டியை ஆசைப்பட்டபடி செய்யலாம், ராத்திரி மாற்றும் தொல்லை இல்லை.

சொந்த முத்திரை என்பதற்கு இப்போது எல்லோரும் செய்வது நியான் எழுத்தில் இரண்டு பெயர். வாடகைக்கு வருகிற எழுத்து எல்லா மண்டபத்திலும் ஒன்றுபோலவே இருக்கும். தெர்மாகோலில் வெட்டிய எழுத்து வேண்டாம். அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடைப் பட்டியலில் இருக்கிறது, 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனரும் அப்படியே. துணியில் எழுதலாம், மரப் பலகையில் எழுதலாம். பக்கத்திலேயே நல்ல சரக்கு இருக்கிறது. வில்லியனூர் சுடுமண் வேலையும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றவை. வரவேற்பு மேஜைக்கு ஒரு ஜோடி சுடுமண் குதிரை வாங்கினால், வாடகைப் பொருளைத் திருப்பிக் கொடுப்பது போலில்லாமல், கல்யாணத்துக்குப் பிறகு புதுக்குடித்தனத்துக்குப் போகும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமக் கைவினைக் காகிதத்தில் பத்திரிகை அடித்தால் அதே காகிதத்தில் தாம்பூலப் பைக்கு ஒரு சின்னச் சீட்டும் செய்துவிடலாம்.

எல்லாவற்றையும் விட எனக்கு உசத்தி மாக்கோலம். அரைத்த அரிசி மாவில் இழைக்கோலம், சுற்றிலும் காவிப் பட்டை. வீட்டில் கை வந்த அத்தை ஒருத்தர் நிச்சயம் இருப்பார். ஆனால் டெக்கரேஷன் பையன்கள் வாசலிலிருந்து மேடை வரை சிவப்புக் கம்பளத்தை உருட்டிவிடுவார்கள், கோலம் அடியில் போய்விடும். கம்பளம் எங்கே தொடங்க வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டு முன்கூட்டியே காட்டிவிடுங்கள். மணவறைக்கு முன்னால் போடுவதாக இருந்தால் முதல் நாள் ராத்திரியே போட வேண்டும், காய நேரம் வேண்டும். அதற்கும் மேடை பதினோரு மணிக்குள் காலியாக வேண்டும். முழு மாற்றம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

எங்கள் வீட்டில் கடைசியில் ஆனது: கடலூர் மண்டபம், சந்தன நிறத் தட்டி, மாலையில் பேபி பிங்க் பூந்தொட்டிகள், காலையில் சாமந்தி மணவறை. பெண்ணுக்குப் பாதி ஆசை, என் தங்கைக்குப் பாதி ஆசை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு நிபந்தனை போட்டார்கள், எல்ஈடி திரை இருந்தே ஆக வேண்டும் என்று. பக்கவாட்டில் வைத்தோம்.

பேரம் முடிந்ததும் ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டியவை உண்டு. உண்மைப் பூ எங்கெங்கே, துணியின் நிறம் (துண்டு வெட்டி ஒட்டியே வாங்கலாம்), மேடை விளக்கு என்ன நிறம், ஜெனரேட்டரில் மேடை விளக்கு ஓடுமா, மேடையை எத்தனை மணிக்கு ஒப்படைப்பார்கள், மீதிப் பணம் எப்போது. மீதியில் ஒரு பகுதியை முகூர்த்தம் முடிந்த பிறகு தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி மண்டபத்திலேயே தங்கப்போகிற ஆள் யார், அவர் எண் என்ன என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். முதலாளி எண் போதாது, அவர் அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பார்.